எரிமலைப் பாடத்தில் மனிதர்களுக்கு இடம் உண்டா?

புது தில்லி: எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹாய்லி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23-ஆம் தேதி வெடித்தது. அதிலிருந்து எழுந்த சாம்பல் மேகம் செங்கடலைக் கடந்து, ஏமன், ஓமன் நாடுகளின் வான்வழியே அரபிக் கடலைத் தாண்டி, மறுநாள் இரவு தலைநகர் தில்லியின் வானத்தை எட்டியது. விமானங்கள் சில ரத்து செய்யப்பட்டன. சில வேறு பாதையில் திருப்பி விடப்பட்டன. சாம்பல் பரவியுள்ள பகுதிகளைத் தவிர்க்குமாறு விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் ஏற்கெனவே திணறிக் கொண்டிருந்த நகரில், இந்தச் சாம்பலும் தரையில் இறங்குமா என்ற கேள்வி எழுந்தது. மேகம் மிக உயரத்தில் நகர்வதால் காற்றின் தரம் பெரிதாகப் பாதிக்கப்படாது என விளக்கம் அளிக்கப்பட்டது. அடுத்த நாளே அது சீனத்தை நோக்கி நகர்ந்துவிட்டது.

ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்த அந்த மேகம், நமது கல்விமுறையைப் பற்றிய ஒரு கேள்வியை விட்டுச் சென்றுள்ளது. எரிமலை என்றால் என்ன என்று கேட்டால் இந்தியப் பள்ளி மாணவர் பிழையின்றி விடை எழுதுவார். பூமியின் மேலோட்டில் உள்ள பிளவின் வழியே உருகிய பாறைக் குழம்பு வெளிவருவது என்பார். ஆனால், எரிமலை மனிதர்களை எவ்வாறு கொல்கிறது, யார் தப்புகிறார்கள், யார் தப்புவதில்லை, ஏன் என்று கேட்டால் அவரிடம் விடை இருக்காது. அவருக்கு அது கற்பிக்கப்படவே இல்லை.

எரிமலை நமக்கு அந்நியமா?

எரிமலை என்றதும் இத்தாலி, ஜப்பான், இந்தோனேசியா ஆகிய நாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டிலும் ஓர் எரிமலை உயிருடன் இருக்கிறது. அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, அதாவது முன்னாள் போர்ட் பிளேரிலிருந்து, வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோ மீட்டர் தொலைவில் கடல் நடுவே நிற்கும் பாரன் தீவுதான் அது. 1787-இல் அதன் சீற்றம் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப்போன அந்த எரிமலை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான உறக்கத்துக்குப் பிறகு 1991-இல் மீண்டும் கனன்றது. 1994-95, 2005, 2017 ஆகிய ஆண்டுகளிலும் அதன் சீற்றம் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் எட்டு நாள்களுக்குள் இரு முறை சிறிய அளவில் வெடித்தது. அங்கு மக்கள் வாழ்வதில்லை என்பதால் உயிரிழப்பு ஏதுமில்லை.

கடந்த காலத்தைப் பார்த்தால் நமக்கும் எரிமலைக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்ட கரும்பாறை, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பரவிய சாம்பல், ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் மத்தியப் பிரதேசத்தின் சோன் நதிப் பள்ளத்தாக்கிலும் இன்றும் படிவமாகக் காணக் கிடைக்கிறது. ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பேரழிவுக்கு முன்பும் பின்பும் அங்கு மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றன.

1783-இல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு எட்டு மாதங்கள் கனன்றது. அதன் நச்சு வாயுக்களால் கால்நடைகள் மடிந்து, பஞ்சம் ஏற்பட்டு, அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். அதே 1783-84-இல்தான் தில்லி, பஞ்சாப், ராஜபுதனம் உள்ளிட்ட வட இந்தியப் பகுதிகளைச் சாலிசா பஞ்சம் வாட்டியது. அந்தப் பஞ்சத்துக்குக் காரணமான பருவமழைப் பொய்ப்பில் லாக்கிக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். எல் நினோ காரணமாக இருக்கலாம் என்போரும் உண்டு. எவ்வாறாயினும், தொலைதூர எரிமலை நம் வயலையும் தொடக்கூடும் என்பது வகுப்பறையில் விவாதிக்கத் தக்க செய்தியே.

பாறைகள் உண்டு, மக்கள் இல்லை

நமது பாடநூல்கள் எரிமலையை எப்படிக் காட்டுகின்றன? 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி எழுதப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாடெங்கும் படிக்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு நூலை எடுத்துக் கொள்வோம். கேடய எரிமலை, கூட்டு எரிமலை, கொப்பரை எரிமலை என வகைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பிறகு பேத்தோலித், லாக்கோலித், லோப்போலித், சில், டைக் என நிலத்தடியில் உறைந்த குழம்பின் வடிவங்கள் வருகின்றன. தேர்வில் கேட்கப்படுவனவும் அவையே. எரிமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர் அந்தப் பக்கங்களில் இடம்பெறுவதில்லை.

நிலநடுக்கம் குறித்த பாடம் அப்படியல்ல. ஏழாம் வகுப்புப் புவியியல் நூலில் 2001-ஆம் ஆண்டின் புஜ் நிலநடுக்கம் ஒரு நேர்வாகவே எடுத்து விளக்கப்பட்டது. நில அதிர்வின்போது எங்கே ஒதுங்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்ற குறிப்பும் தரப்பட்டது. புஜ் நம் நாட்டில் நேர்ந்த துயரம் என்பதால் அந்தப் பாடத்தில் மக்கள் வந்தார்கள். எரிமலை பிறருடைய துயரம் என்று கருதப்பட்டதால் அதன் பாடம் பாறைகளோடு நின்றுவிட்டது.

பாறை வகைகளைக் கற்பிப்பது தேவையே. கேடய எரிமலையிலிருந்து மெல்ல வழியும் குழம்பிலிருந்து நடந்தே தப்பலாம்; கூட்டு எரிமலையிலிருந்து சீறிவரும் வெந்தழல் மேகத்திலிருந்து ஓடியும் தப்ப முடியாது. வகைப்பாட்டின் உண்மையான பயன் இதுதான். இந்தக் கடைசிப் படியை எட்டாமலேயே பாடம் முடிந்துவிடுகிறது என்பதே குறை.

வரைபடம் இருந்தும் மடிந்த நகரம்

கொலம்பியாவின் ஆர்மெரோ நகரம் இந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டியது. நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனிமூடிய எரிமலை 1985 நவம்பர் 13-ஆம் தேதி இரவு 9 மணியளவில் வெடித்தது. வெடிப்பு பெரியதன்று. ஆனால், அதன் வெப்பத்தில் சிகரத்தின் பனி உருகியது. உருகிய நீர் சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சேற்றுப் பெருக்காக இறங்கியது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அந்தச் சேறு ஆர்மெரோவை அடைந்தது. அந்த நகரில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைந்தனர். மொத்த உயிரிழப்பு ஏறத்தாழ 23 ஆயிரம்.

நெஞ்சை உறுத்தும் உண்மை வேறொன்று. ஆர்மெரோவுக்கு இந்த ஆபத்து உண்டு எனக் காட்டும் அபாய வரைபடம், பேரழிவுக்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபரில் வெளியிடப்பட்டிருந்தது. 1845-இல் இதே எரிமலையிலிருந்து இதே வழியில் சேறு வந்து சுமார் ஆயிரம் பேரைக் கொன்றிருந்தது. அந்தப் பழைய சேறு காய்ந்து இறுகிய மேட்டின் மீதுதான் ஆர்மெரோ நகரம் கட்டப்பட்டது. அன்று பிற்பகலிலேயே நகரில் சாம்பல் விழுந்தது. அச்சம் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது.

இரண்டரை மணி நேரம் என்பது சிறிய அவகாசம் அல்ல. நகரை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு நடந்தே சென்றிருக்கலாம். அறிவியலாளரிடம் இருந்த அறிவு ஆட்சியாளரின் முடிவாக மாறவில்லை. மக்களின் காலடியை எட்டவும் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் தலைநகர் பொகோட்டாவில் நீதி மாளிகை ஆயுதக் குழுவினரால் கைப்பற்றப்பட்டு, பெரும் உயிரிழப்பு நேர்ந்திருந்தது. அரசின் கவனம் அங்கே குவிந்திருந்தது. எரிமலை ஆபத்தைப் புரிந்துகொள்ள நிலவியல் மட்டும் போதாது, ஆட்சியியலும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒளிப்படம் காத்த உயிர்கள்

ஆர்மெரோவின் மறுபக்கம் பிலிப்பின்ஸின் பினதூபோ. சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த மலை 1991 ஏப்ரலில் விழித்தது. அது எரிமலை என்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. வெந்தழல் மேகம், சேற்றுப் பெருக்கு, சாம்பல் மழை என்றெல்லாம் அறிவியலாளர்கள் விளக்கியபோது அதிகாரிகளுக்கே அது எட்டாத செய்தியாக இருந்தது. மோரீஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் என்ற பிரெஞ்சு எரிமலையியல் தம்பதி, எரிமலையின் ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டும் விடியோ படம் ஒன்றை உருவாக்கி வந்தனர். ஆர்மெரோவின் துயரமே அதற்குத் தூண்டுகோல். அந்தப் படம் பினதூபோவைச் சுற்றியிருந்த அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் திரையிடப்பட்டது. கண்ணால் கண்ட பிறகு ஐயம் குறைந்தது. ஐந்து படிநிலை கொண்ட எளிய எச்சரிக்கை முறை அறிவிக்கப்பட்டது, பல்லாயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர்.

ஜூன் 15-ஆம் தேதி, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய சீற்றமாகப் பினதூபோ வெடித்தது. குறைந்தது ஐயாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன், ஜூன் 3-ஆம் தேதி, ஜப்பானின் உன்சென் எரிமலையைப் படமெடுக்கச் சென்ற கிராஃப்ட் தம்பதி வெந்தழல் மேகத்தில் சிக்கி உயிரிழந்திருந்தனர். தங்கள் படம் காத்த உயிர்களை அவர்கள் அறியவே இல்லை.

பினதூபோவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அந்த மரணங்களும் பாடத்துக்குரியவை. வெடித்த நாளிலேயே புயலும் வந்தது. மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்து பலர் மாண்டனர். அதைவிடக் கூடுதலானோர் முகாம்களில் நோயால் இறந்தனர். மலைச்சரிவில் காலங்காலமாக வாழ்ந்த ஆயிட்டா பழங்குடியினர் சமவெளி முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டபோது, தட்டம்மை பரவி அவர்களுடைய குழந்தைகள் பலரைப் பறித்தது. மலையிலிருந்து மக்களைக் காத்த அரசு, முகாமில் அவர்களைக் காக்கத் தவறியது. எரிமலை மாணவருக்குப் பொதுச் சுகாதாரத்தையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

யாரை நம்புவது?

நம்பிக்கை என்பது இந்தப் பாடத்தின் கடினமான பகுதி. கரீபியக் கடலில் பிரான்ஸின் ஆட்சியில் உள்ள மார்டினிக் தீவில், 1902 மே மாதம் பெலே மலை புகைந்து கொண்டிருந்தது. நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று மே 11-ஆம் தேதி நடைபெறவிருந்தது. நகருக்கு ஆபத்தில்லை என்ற கருத்து பரப்பப்பட்டது. மக்களுக்குத் தைரியமூட்ட ஆளுநரே மனைவியுடன் செயின்ட் பியர் நகருக்கு வந்து தங்கினார். மே 8-ஆம் தேதி காலை வெந்தழல் மேகம் சில நிமிடங்களில் நகரை அழித்தது. ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் மாண்டனர். ஆளுநரும் அவர் மனைவியும் அவர்களுள் அடக்கம். தப்பிப் பிழைத்த மிகச் சிலரில் ஒருவர், கெட்டியான சுவர் கொண்ட சிறையறையில் அடைக்கப்பட்டிருந்த கைதி.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. அதே கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் 1976-இல் லா சூஃப்ரியேர் எரிமலை மிரட்டியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றம் தேவையா என்பதில் பிரான்ஸின் முன்னணி அறிவியலாளர்களே வெளிப்படையாக மோதிக் கொண்டனர். எதிர்பார்த்த பெரும் வெடிப்பு வரவில்லை. தொழிலும் பள்ளியும் முடங்கிய இழப்பு மக்களுக்கு மிஞ்சியது. எச்சரிக்கை பொய்த்தால் அடுத்த எச்சரிக்கையை யார் மதிப்பார்? எச்சரிக்கை விடாமல் இருந்தால் ஆர்மெரோவின் பழியை யார் ஏற்பார்? இரண்டு கேள்விகளையும் ஒருசேர எதிர்கொள்ளாத பேரிடர்ப் பாடம் அரைகுறையானது.

ஜப்பானின் சகுராஜிமா தீவில் ஒரு தொடக்கப் பள்ளி வளாகத்தில் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. 1914-இல் அந்த எரிமலை வெடிப்பதற்கு முன் நிலம் அதிர்ந்தது. ஊர்த் தலைவர் வானிலை நிலையத்தை விசாரித்தார். வெடிப்பு வராது என்று பதில் கிடைத்தது. அதை நம்பித் தங்கியோரில் சிலர் மாண்டனர். அடையாளங்களைக் கண்டால் கோட்பாட்டை மட்டும் நம்பியிராமல் உடனே வெளியேறுங்கள் என்ற பொருளில், பத்தாண்டுகளுக்குப் பின் அந்தக் கல்லை ஊரார் நிறுவினர். அறிவியலைக் கற்பிக்கும் பள்ளியிலேயே அறிவியலின் எல்லையைச் சொல்லும் கல் நிற்கிறது. இதை முரண்பாடாக ஜப்பானியர் கருதவில்லை. அதே நாட்டில், 2000 மார்ச் மாதம் ஊசு எரிமலை வெடிக்கும் முன்பே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர், ஒருவரும் உயிரிழக்கவில்லை. அங்கு அறிவியலாளர்களும் உள்ளூர் நிர்வாகமும் மக்களும் பல ஆண்டுகளாகவே ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

கடல்வழி வரும் ஆபத்து

எரிமலையின் கரம் அதன் அடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. 1883 ஆகஸ்ட் 27-ஆம் தேதி கிரகத்தோவா வெடித்தபோது மாண்ட 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது ஆழிப்பேரலைதான். அடுத்த மாதம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியதாகப் பதிவுகள் உள்ளன.

அதே இடத்தில் பின்னர் முளைத்த அனக் கிரகத்தோவாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த அலை 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரிய நிலநடுக்கம் ஏதும் முன்னதாக நிகழாததால் முறையான எச்சரிக்கை எழவே இல்லை. ஹைதராபாதில் 2007 முதல் இயங்கும் நமது சுனாமி முன்னெச்சரிக்கை மையமும், உலகின் பிற மையங்களைப் போலவே, கடலடி நிலநடுக்கத்தையே முதல் அறிகுறியாகக் கொள்கிறது. கருவி ஒலிக்காத வேளையில் கடலைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவு கரையில் நிற்பவருக்கே இருக்க வேண்டும்.

அந்த அறிவின் மதிப்பு 2004 டிசம்பர் 26-ஆம் தேதி தெரிந்தது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்ட பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தார். அந்தக் கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் தப்பினர். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில், 1907-ஆம் ஆண்டின் பேரலை 'ஸ்மோங்' என்ற பெயரில் பாட்டிமார் கதையாக வாழ்ந்து வந்தது. சுமார் 78 ஆயிரம் மக்களில் உயிரிழந்தோர் ஏழு பேர் என்று கணக்கிடப்பட்டது. நமது லிட்டில் அந்தமானில் ஓங்கி பழங்குடியினர் மேட்டுநிலத்துக்கு ஏறித் தப்பினர். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை.

சட்டங்கள் வந்தன, பாடம்?

பேரிடர்க் கல்வியில் நாடு எதையும் செய்யவில்லை என்று கூற முடியாது. 2001-ஆம் ஆண்டின் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2003-04 முதல் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பேரிடர் மேலாண்மையைப் படிப்படியாகச் சேர்த்தது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிய கொடுமை உச்ச நீதிமன்றம் வரை சென்று, பள்ளிகளின் பாதுகாப்பு குறித்து 2009-இல் தீர்ப்பு வந்தது. பள்ளிப் பாதுகாப்புக்கான தேசிய வழிகாட்டுதல்கள் 2016-இல் வகுக்கப்பட்டன.

மக்களைப் பயிற்றுவித்தால் என்ன நிகழும் என்பதற்கு ஒடிஸா சான்று. 1999-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அம்மாநிலத்தில் பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தனர். 2013-இல் பைலின் புயல் தாக்கியபோது உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. புகலிடங்கள், முன்னறிவிப்பு ஆகியவற்றோடு, கிராமந்தோறும் நடந்த பயிற்சிக்கும் அதில் பங்குண்டு. அதே மாநிலத்தின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய கிராமங்கள் 2020-இல் சுனாமியை எதிர்கொள்ள ஆயத்தமான ஊர்கள் என யுனெஸ்கோ அமைப்பின் அங்கீகாரம் பெற்றன.

ஆனால், பள்ளியில் பேரிடர் மேலாண்மை பெரும்பாலும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்ற பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர், பட்டியலில் இல்லாத ஆபத்து வரும்போது திகைத்து நிற்பார். நம் நாட்டில் அரிதானது என்பதாலேயே எரிமலை இங்கு பயன்படுகிறது. பழகிய விதிகள் இல்லாத இடத்தில் சிந்தித்து முடிவெடுக்க அது மாணவரைப் பழக்கும்.

வகுப்பறையில் எப்படி?

இதற்கு ஆய்வுக்கூடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. கரும்பலகையில் பனிமூடிய மலை, மூன்று ஆறுகள், ஐந்து ஊர்கள், ஒரு பாலம், ஒரு மருத்துவமனை ஆகியவற்றை வரைந்தால் போதும். மலை வெடித்தால் சேறு எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும், எந்த ஊர் முதலில் மூழ்கும், பாலம் உடைந்தால் எந்த ஊர் தனித்துவிடும் என்று மாணவர்களே கண்டறியட்டும். சேறு மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் 75 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. அந்த இரண்டரை மணி நேரத்தில் யாரை முதலில் வெளியேற்றுவது என்பது கணக்குக்கு அப்பாற்பட்ட கேள்வி.

அடுத்த வகுப்பில் மாணவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் மாவட்ட ஆட்சியர், ஒருவர் நிலவியலாளர், ஒருவர் இரண்டு எருமைகளை விட்டு வர மறுக்கும் விவசாயி, ஒருவர் கடைக்காரர், ஒருவர் தலைமை ஆசிரியர், ஒருவர் செய்தியாளர். ஒரு மாதத்துக்குள் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம் என்பதற்கு மேல் நிலவியலாளரால் உறுதி கூற முடியாது. ஆட்சியர் முடிவெடுத்தாக வேண்டும். விவசாயியை மூடர் என்று ஒதுக்கினால் பாடம் தோற்றது. 2010-இல் ஜாவாவின் மெராபி எரிமலை சீறியபோது முகாமிலிருந்து மாட்டுக்குத் தீவனம் வைக்க மலையேறியவர்கள் பலர். மாட்டையும் காப்பாற்றும் திட்டம் இருந்தால்தான் மனிதர் வெளியேறுவார் என்பதை நமது கடலோர மாவட்டங்களும் அறியும்.

மூன்றாவது வகுப்பு, வெடிப்புக்குப் பிந்தைய நாள்களுக்கு. முகாமுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும், தடுப்பூசி யார் போடுவார், பள்ளிக்கூடமே முகாமாகிவிட்டால் படிப்பு என்னாகும், குத்தகை விவசாயிக்கு நிவாரணம் யார் பெயரில் எழுதப்படும்? பினதூபோவின் குழந்தைகள் எழுப்பிய கேள்விகள் இவை. அச்சமூட்டும் படங்களோடு பாடத்தை முடித்துவிடக் கூடாது. ஆபத்தைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்தது செய்யக்கூடிய செயலைச் சொல்ல வேண்டும். இல்லையேல் குழந்தைக்கு எஞ்சுவது பயம் மட்டுமே.

அரசின் பொறுப்பு

குழந்தைகளுக்குக் கற்பித்துவிட்டால் அரசின் கடமை முடிந்துவிடாது. ஆர்மெரோவில் வரைபடம் இருந்தது. அதைக் கையிலெடுத்துச் செயல்படும் நிர்வாகம் இல்லை. குடிமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று அறிவுரை கூறி, எச்சரிக்கைக் கருவி, தங்குமிடம், சாலை ஆகியவற்றைக் கைவிடும் அரசுக்கு இந்தப் பாடம் சாக்காகிவிடக் கூடாது. தன் மாவட்டத்தின் அபாய வரைபடம் எங்கே என்று கேட்கத் தெரிந்த மாணவர்தான் அந்தச் சாக்கை ஏற்க மறுப்பார்.

2023-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பைத் தொடர்ந்து, 2024 முதல் என்.சி.இ.ஆர்.டி.யின் புதிய பாடநூல்கள் வெளிவரத் தொடங்கியுள்ளன. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திறக்கும் கதவு இது. இதற்குள் செய்ய வேண்டியவை மூன்று. எரிமலைப் பாடத்தில் வகைப்பாட்டுக்குப் பின் ஆர்மெரோவும் பினதூபோவும் இடம்பெற வேண்டும். கலந்துரையாடலாக வகுப்பை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், அதை மதிப்பிடும் வினாத்தாளும் வேண்டும். மாவட்டந்தோறும் அபாய வரைபடங்கள் மாநில மொழிகளில் பள்ளிகளுக்குக் கிடைக்க வேண்டும்.

முதலில் தொடங்க வேண்டிய இடம் அந்தமான். அங்குள்ள பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி எனப் பல மொழிகளில் குழந்தைகள் படிக்கிறார்கள். 2004-இல் அவர்களுடைய தீவுகளைப் பேரலை புரட்டியது. 2025-இல் அவர்களுடைய கடலில் எரிமலை கனன்றது. லாக்கோலித்துக்கும் லோப்போலித்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் எழுதும் அந்தக் குழந்தைகளுக்கு, நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் எந்த மேட்டுக்கு எந்த வழியில் ஏற வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.